மனைவி பேரில் கொண்டோ வாங்கி வாடகைக்கு விட்டால் தவணை தானாகக் கட்டுமா?

வந்த கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கணவன், மனைவி இருவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். பொங்கோலில் நான்கறை பிடிஓ வீடு, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் (வீவக) நேரடியாக வாங்கிய புது வீடு. வீடு கணவர் பெயரில் மட்டும் இருக்கிறது. மனைவி அதில் குடியிருப்பவராகப் பதிவாகியிருக்கிறார். ஐந்து வருட எம்ஓபி, அதாவது அங்கே குடியிருந்தாக வேண்டிய குறைந்தபட்சக் காலம், இன்னும் சில மாதத்தில் முடிகிறது. மனைவிக்கு வயது 34, மாதச் சம்பளம் 6,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), சிபிஎஃப் என்கிற மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கில் 90,000. வீட்டில் ரொக்கச் சேமிப்பு 220,000. ஏஜென்ட் ஒருவர் ஒரு மில்லியன் வெள்ளிக்கு ஓர் ஒற்றைப் படுக்கையறை கொண்டோவை (தனியார் அடுக்குமாடி வீடு) காட்டி, "மாதம் 3,400 வாடகை வரும், தவணையை அதுவே கட்டிவிடும்" என்கிறார். இது உண்மையா, யார் பெயரில் வாங்குவது, நிலையான வட்டியா மாறும் வட்டியா என்று கேட்கிறீர்கள். கூடவே, மாமனார் சென்னையில் ஒரு பிளாட் வாங்கச் சொல்கிறாராம்.

யார் பெயரில் என்பதிலிருந்து தொடங்குகிறேன். சிங்கப்பூரில் எந்த வீடு, எந்த எம்ஆர்டி நிலையம் என்பதெல்லாம் அப்புறம். வாங்குபவர் யார், அவருக்கு இது எத்தனையாவது வீடு என்பதுதான் பாதிக் கணக்கை முடித்துவிடுகிறது. காரணம் ஏபிஎஸ்டி என்கிற கூடுதல் முத்திரைத் தீர்வை. 2023 ஏப்ரல் 27 முதல் குடிமக்களுக்கு முதல் வீட்டுக்கு அது கிடையாது, இரண்டாவதுக்கு 20 சதவீதம், மூன்றாவதுக்கு 30. நிரந்தரவாசிக்கு முதல் வீட்டுக்கே 5, இரண்டாவதுக்கு 30. வெளிநாட்டவருக்கு 60. இருவர் சேர்ந்து வாங்கினால், இருவரில் யாருக்கு அதிக விகிதமோ அதுதான் முழு விலைக்கும்.

ஆகவே நீங்கள் இருவரும் கூட்டாக வாங்கினால், கணவருக்கு ஏற்கெனவே வீடு இருப்பதால், ஒரு மில்லியனுக்கு 200,000 வெள்ளி தீர்வை. கீழே நான் போடுகிற கணக்குப்படி இந்தக் கொண்டோவின் நிகர வாடகை வருடத்துக்கு 27,500. அதாவது ஏழு வருடத்துக்கு மேல் வரும் வாடகை முழுவதும் தீர்வைக்கே போய்விடும். வாடகைக்கு விடுவதற்காக 20 சதவீதத் தீர்வை கட்டி வீடு வாங்குவது ஒரு தொடக்கக்காரருக்கு எந்த வகையிலும் ஒத்துவராது என்பது என் கருத்து. விலை ஏறும் என்று சொல்வார்கள். ஏறலாம், ஆனால் முதல் 20 சதவீத ஏற்றம் உங்களுடையது இல்லை.

உங்களுக்கு அதிர்ஷ்டம், மனைவி பொங்கோல் வீட்டின் உரிமையாளர் இல்லை. எம்ஓபி குடியிருப்பவரையும் கட்டுப்படுத்தும். அது முடிந்த பிறகு அவர் தனியாக வாங்கினால் அது அவருடைய முதல் வீடு, ஏபிஎஸ்டி இல்லை. இருவர் பெயரிலும் வீவக வீடு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒருவர் பெயரை எடுத்துவிடலாமே என்று நினைக்க வேண்டாம். 2016 முதல் மணவிலக்கு, மரணம் போன்ற சில காரணங்களுக்கு மட்டும்தான் வீவக அதை அனுமதிக்கிறது. தனியார் வீட்டில் ஒருவருக்கு 99 சதவீதம், மற்றவருக்கு 1 சதவீதம் என்று பங்கு பிரிக்கும் வித்தையும் ஒரு காலத்தில் ஓடியது. தீர்வையைத் தவிர்க்கத்தான் அப்படிச் செய்தீர்கள் என்று வருவாய் ஆணையம் முடிவு செய்தால், கட்டாத தீர்வையோடு 50 சதவீதம் மேலதிகமாகவும் வசூலிக்கும். இதைச் சொல்லித் தருபவர்கள் அபராதத்தில் பங்கு போட வரமாட்டார்கள்.

இன்னொன்று. மனைவி பெயரில் வாங்கினால் அது மனைவியின் வீடு, சட்டப்படியும். கணவரின் சிபிஎஃப் பணத்தை அதில் தொட முடியாது. கணவர் ரொக்கம் கொடுக்கலாம், ஆனால் "பெயர் மட்டும் உன்னது, வீடு என்னது" என்ற எண்ணத்தோடு கொடுத்தால் பின்னால் தீர்வைச் சிக்கலும் வரும், குடும்பச் சிக்கலும் வரும். வழக்கறிஞரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சரி, கடன். வங்கி இரண்டு அளவுகோல் வைத்திருக்கிறது. வேறு வீட்டுக்கடன் இல்லாதவருக்கு விலையில் 75 சதவீதம் வரை கடன். ஏற்கெனவே ஒரு வீட்டுக்கடன் இருந்தால் 45 சதவீதம்தான், 25 சதவீதத்தை ரொக்கமாகவே வைக்க வேண்டும். அதனால் பொங்கோல் வீட்டுக் கடனில் மனைவியும் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள். போட்டிருந்தால் கீழே வருவது எதுவும் பொருந்தாது. கடன் காலம் 30 வருடத்தைத் தாண்டினாலோ, வாங்குபவர் 65 வயதைக் கடந்தும் தவணை ஓடினாலோ 75 என்பது 55 ஆகிவிடும். 34 வயதில் 30 வருடம் என்றால் 64-இல் முடிகிறது, தப்பித்தீர்கள்.

இரண்டாவது அளவுகோல் டிடிஎஸ்ஆர். எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் 55 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 6,500-இல் அது 3,575. வங்கி உங்களிடம் 2.5 சதவீத வட்டி வாங்கினாலும், இந்தக் கணக்கை நாணய ஆணையம் விதித்தபடி குறைந்தது 4 சதவீத வட்டியில்தான் போடும். அந்த வட்டியில் 30 வருடத்துக்கு 3,575 தவணை என்றால் கடன் சுமார் 748,000. ஆகவே 740,000 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் மனைவி பெயரில் மாதம் 900 வெள்ளி கார் கடன் இருந்தால் அதே கணக்கு 560,000-க்கு இறங்கிவிடும். ஒரு காருக்காகக் கிட்டத்தட்ட 190,000 வெள்ளி வீட்டுக்கடன் போகிறது. கிரெடிட் கார்டு பாக்கியும் இதில் சேரும். சம்பளத்தில் போனஸ், கமிஷன் போன்ற மாறும் பகுதியில் 30 சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது முதலில் கையிலிருந்து போகும் பணம். விலையில் கடன் போக 260,000. இதில் 50,000 கட்டாயம் ரொக்கம், மீதிக்கு சிபிஎஃப் பயன்படுத்தலாம். சாதாரண முத்திரைத் தீர்வை ஒரு மில்லியனுக்கு 24,600. வழக்கறிஞருக்கு ஒரு 3,000 வையுங்கள். மொத்தம் 287,600. மனைவியின் சிபிஎஃப் 90,000-ஐ முழுவதும் துடைத்து எடுத்தாலும் ரொக்கம் 197,600 போகும். 220,000-இல் மிச்சம் 22,400. ஏர்கான், சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, கட்டில் எல்லாம் அதற்குள். முதல் வாடகைதாரர் வரும்வரை இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் தவணையும் அதிலிருந்துதான். முத்திரைத் தீர்வை விற்பனை உறுதியான 14 நாளுக்குள் கட்ட வேண்டும். கட்டி முடித்த வீட்டுக்குப் பொதுவாக முதலில் ரொக்கமாகக் கட்டிவிட்டு அப்புறம் சிபிஎஃபிலிருந்து திரும்பப் பெறுவார்கள். அந்த இடைவெளிக்கும் கையில் பணம் வேண்டும்.

அடுத்து, தவணை தானாகக் கட்டுமா என்பது. மாதம் 3,400 என்றால் வருடத்துக்கு 40,800. இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று வைத்தால் வருடத்துக்கு 1,700 போகும். இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு ஏஜென்ட் வழக்கமாக ஒரு மாத வாடகை கேட்பார், வருடத்துக்கு அதுவும் 1,700. கொண்டோ பராமரிப்புக் கட்டணம் மாதம் 300 என்றால் 3,600. பழுது, காப்புறுதி எல்லாம் சேர்த்து 1,500. சொத்து வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்குச் சலுகை விகிதம் உண்டு. வாடகைக்கு விடும் வீட்டுக்கு ஆண்டு மதிப்பில் (வீட்டுக்கு ஒரு வருடத்தில் வரக்கூடியதாக வருவாய் ஆணையம் மதிப்பிடும் வாடகை) முதல் 30,000-க்கு 12 சதவீதம், அடுத்த 15,000-க்கு 20 சதவீதம். ஆண்டு மதிப்பு 36,000 என்றால் வரி 4,800. எல்லாம் கூட்டினால் 13,300. மிஞ்சுவது 27,500. ஏஜென்ட் சொன்ன 4 சதவீத வருமானம் உண்மையில் 2.75 சதவீதம்தான். சிபிஎஃப் சாதாரணக் கணக்கில் சும்மா கிடந்தாலே 2.5 சதவீதம் வருகிறது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

740,000 கடனுக்கு 2.5 சதவீத வட்டியில் தவணை மாதம் 2,924, வருடத்துக்கு சுமார் 35,100. வாடகை மிச்சம் 27,500. குறைவது 7,600. வட்டி 4 சதவீதமானால் தவணை 3,533, குறைவது வருடத்துக்குக் கிட்டத்தட்ட 15,000. தவணை தானாகக் கட்டவில்லை.

ஏஜென்ட் பொய் சொன்னாரா என்றால், முழுப் பொய் இல்லை. 3,400 என்பது 2,924-ஐ விடப் பெரிதுதானே! இதிலும் நயமான ஒரு வித்தை உண்டு. மனைவியின் வயதுக்குச் சம்பளத்தில் 23 சதவீதம், அதாவது மாதம் 1,495 வெள்ளி, சாதாரணக் கணக்குக்குப் போகிறது. அதைத் தவணைக்குத் திருப்பினால் ரொக்கமாகக் கட்ட வேண்டியது 1,429 மட்டும். வாடகை 3,400 வருகிறது, கையில் மாதம் இரண்டாயிரம் மிச்சம் என்று ஒரு தாளில் அழகாக எழுதிக் காட்டுவார்கள். அந்த 1,495 வானத்திலிருந்து விழவில்லை, மனைவியின் ஓய்வுக்காலப் பணம். வீட்டை விற்கும்போது எடுத்த தொகையையும் அதற்கு 2.5 சதவீத வட்டியையும் சேர்த்து சிபிஎஃபுக்குத் திருப்பி வைக்க வேண்டும். விற்ற லாபம் எங்கே என்று பலர் கேட்பது இதனால்தான்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்கிறேன். முதல் வருடம் கட்டும் 35,100-இல் வட்டி 18,300தான், மீதி 16,800 அசல். வீட்டில் உங்கள் பங்கு அந்த அளவுக்குக் கூடுகிறது. ஆக இது நட்டமான வியாபாரம் இல்லை. கட்டாயச் சேமிப்பு மாதிரி, மாதம் ஆறு எழுநூறு வெள்ளி கையிலிருந்து கேட்கிற சேமிப்பு. வருமான வரி பெரிதாக வராது. வட்டி கழியும், அதோடு உண்மையான செலவு அல்லது மொத்த வாடகையில் 15 சதவீதம், இரண்டில் ஒன்றைக் கழிக்கலாம். அசலைக் கழிக்க முடியாது, முதல் வாடகைதாரரைப் பிடிக்க ஏஜென்ட்டுக்குக் கொடுத்ததும் கழியாது. உங்கள் சம்பள நிலையில் வருடத்துக்குச் சில நூறு வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை ஏறிக்கொண்டே போகுமே என்கிறவர்கள் 2022-ஐ மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். அந்த ஒரு வருடம் தனியார் வீட்டு வாடகைக் குறியீடு 29.7 சதவீதம் ஏறியது. கொவிட் காலத்தில் கட்டுமானம் தாமதமாகி, புது வீடு கிடைக்காதவர்களும் திரும்பி வந்த வெளிநாட்டவர்களும் ஒரே நேரத்தில் வாடகை வீடு தேடினார்கள். 2023-இல் 8.7 சதவீதம் ஏறி, 2024-இல் 1.9 சதவீதம் இறங்கியது. உங்கள் கணக்கை 3,400-இல் போடாமல் 3,000-இல் போட்டுப் பாருங்கள். அதிலும் தூக்கம் வந்தால் வாங்கலாம்.

வாங்கிவிட்டு அவசரத்துக்கு விற்கலாம் என்றால் அதுவும் எளிதில்லை. 2025 ஜூலை 4 முதல் வாங்கும் வீடுகளை நான்கு வருடத்துக்குள் விற்றால் விற்பவரே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்: முதல் வருடம் 16 சதவீதம், அப்புறம் 12, 8, 4. ஆகவே நான்கு வருடம் பணம் உள்ளே பூட்டிக் கிடக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதே ஏஜென்ட் அடுத்த சந்திப்பில் "வீவக வீட்டை விற்று ஆளுக்கொரு கொண்டோ வாங்குங்கள்" என்று சொல்வார், பாருங்கள். ஏபிஎஸ்டி இல்லாமல் இரண்டு வீடு, கேட்க நன்றாக இருக்கும். இரண்டு தவணையும் இரண்டு தனித்தனிச் சம்பளத்தில் நிற்கும். ஒருவர் வேலை போனால் மற்றவர் தாங்க வேண்டும். தனியார் வீட்டை விற்றுவிட்டு வீவக மறுவிற்பனை வீட்டுக்குத் திரும்ப நினைத்தால் 15 மாதம் காத்திருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி உங்கள் புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு நிரம்பியிருந்தால், இந்தியரான நீங்கள் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருபவர் கூட்டம் சட்டென்று சுருங்கிவிடும், விலையும் கூடவே இறங்கும். விற்பதாக முடிவெடுக்கும் முன் உங்கள் புளோக்கின் நிலவரத்தை வீவக இணையச் சேவையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன்? முதல் ஒரு வருடம் பொங்கோல் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுவேன். மூன்றறை, அதற்கு மேற்பட்ட வீவக வீடுகளில் எம்ஓபி முடியாமலே அறை விடலாம், வீவக அனுமதி பெற்று, நீங்களும் அங்கேயே குடியிருந்துகொண்டு. ஒப்பந்தம் குறைந்தது ஆறு மாதம். தீர்வை இல்லை, புதுக் கடன் இல்லை. சமையலறையை யார் எப்போது பயன்படுத்துவது, ஏர்கான் கட்டணத்தை எப்படிப் பிரிப்பது, வாடகை பத்து நாள் தாமதமானால் எப்படிக் கேட்பது என்பதெல்லாம் ஒரு மில்லியன் வெள்ளி போடாமலே தெரிந்துவிடும். வீட்டுக்காரராக இருப்பது எல்லோருக்கும் பிடிக்கிற வேலை இல்லை. அந்த ஒரு வருடத்தில் ரொக்கமும் கொஞ்சம் சேரும். குறைந்தது ஆறு மாதத் தவணை, அதாவது 4 சதவீத வட்டிக் கணக்கில் சுமார் 21,000 வெள்ளி, எல்லாச் செலவும் போக மிஞ்சினால் அப்போது கொண்டோ பார்க்கலாம். ஒரு மில்லியனுக்குப் பதில் எட்டு லட்சத்தில் கிடைக்கும் பழைய வீடாக இருந்தால் மூச்சு இன்னும் தாராளமாக விடலாம்.

பார்க்கத் தொடங்கும்போது வரிசை முக்கியம். முதலில் வங்கியின் கொள்கையளவிலான ஒப்புதல், அப்புறம்தான் வீட்டுக்காரரிடம் 1 சதவீதம் கொடுத்து ஓடிபி, அதாவது அந்த வீட்டை வாங்கும் விருப்ப உரிமை, வாங்குவது. ஒப்புதல் இல்லாமல் ஓடிபி போட்டு, கடன் குறைவாக வந்தால் அந்த 10,000 போனதுதான். வங்கி கடன் கொடுப்பது விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதன் மேல் என்பதும் நினைவிருக்கட்டும். ஏஜென்ட் சொத்து முகவர்கள் மன்றப் பதிவேட்டில் இருக்கிறாரா என்று பாருங்கள். ஒரே பரிவர்த்தனையில் இரு தரப்புக்கும் அவரே வேலை செய்யக்கூடாது. விற்பனைப் பணத்தை அவர் கையில் வாங்கவும் கூடாது.

வட்டியைப் பற்றி. 2021-இல் ஒரு சதவீதத்தை ஒட்டி இருந்த நிலையான வட்டி 2022 இறுதியில் 4-ஐத் தாண்டியது. சோரா என்கிற வங்கிகளுக்கு இடையிலான வட்டி விகிதத்தின் அடிப்படையிலான மாறும் வட்டி சந்தையோடு ஏறி இறங்கும். எது லாபம் என்று ஊகிக்கிற வேலை வேண்டாம். கையிருப்பு 22,400 வைத்திருப்பவருக்கு மாதத் தவணை தெரிந்திருப்பதே பெரிய நிம்மதி, ஆகவே உங்களுக்கு இரண்டு வருட நிலையான வட்டி. அதற்குள் கடனை மாற்றினாலோ அடைத்தாலோ பொதுவாக 1.5 சதவீதம் அபராதம், 740,000-க்கு அது 11,100. காலம் முடிவதற்கு நான்கு மாதம் முன்பே வேறு வங்கிகளை விசாரிக்க ஆரம்பியுங்கள்.

வாடகைக்கு விடும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். வருபவரின் வேலை அனுமதியின் அசலைப் பார்த்து, பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டு, மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் சரிபார்க்க வேண்டியது வீட்டுக்காரரின் சட்டப்பூர்வக் கடமை. நம் ஊர்க்காரர், நண்பர் சொன்னவர் என்று விட்டுவிட்டு, அனுமதி காலாவதியான ஆள் வீட்டில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். வருடத்துக்கு ஒரு மாத வாடகை முன்பணம் வழக்கம். இரண்டு வருட ஒப்பந்தத்தில் வெளிநாட்டு ஊழியர்கள், வேலை போய் நாட்டை விட்டுப் போக நேர்ந்தால் ஒரு வருடத்துக்குப் பிறகு விலக அனுமதிக்கும் ஷரத்தைக் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். உங்கள் கணக்கில் இரண்டு வருடத்தை ஒரு வருடமாக வைத்துக்கொள்ளுங்கள். தனியார் வீட்டைக் குறைந்தது மூன்று மாதத்துக்குத்தான் விடலாம், வாரக்கணக்கில் சுற்றுப்பயணிகளுக்கு விடுவது சட்டவிரோதம்.

மாமனாரின் சென்னை யோசனைக்கு: எம்ஓபி முடியும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் தனியார் வீடு வாங்குவதையும் வீவக அனுமதிப்பதில்லை. முடிந்த பிறகு வாங்கலாம். சென்னை வீடு ஏபிஎஸ்டி எண்ணிக்கையில் சேராது. ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கானது) இருந்தால் வீடு வாங்கலாம், விவசாய நிலமும் பண்ணை வீடும் கூடாது. அங்கே குடியிருப்பவர் உங்களுக்கு வாடகை தரும்போது 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ் என்கிற கூடுதல் வரியும் பிடித்துக்கொண்டுதான் தர வேண்டும். பிடித்ததில் அதிகமானதை இந்திய வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம், அதற்கு அங்கே ஓர் ஆடிட்டர் வேண்டும். குழாய் உடைந்தால் போய்ப் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் மாமனாரே என்றால், அவருக்கு விருப்பமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.